வீட்டுக்குப் பூசிய மருந்து

என் கையெழுத்தை வாசிக்கிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பர்மியப் பள்ளியில் நான்கு வகுப்பு படித்தேன். தமிழ் எழுத்தைக் கோயில் கூடத்தில் சாயங்காலங்களில் கற்றுக்கொண்டேன். நான் ஓட்டுகிற சைக்காவின், அதாவது பக்கத்தில் இருக்கை கட்டிய மிதிவண்டியின், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கியே நிற்பதால் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. மூன்று 'ன'வில் எது எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழை கண்டால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால் எனக்கு நாக்கு எழாது. சைக்காவில் அந்தத் தொல்லை இல்லை. பயணி பக்கவாட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார், நானும் ரோட்டைப் பார்ப்பேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டபோது ஊமை போல நின்றேன். என் சின்ன மகளின் சிறுநீரகங்கள் கெட்டுக்கொண்டிருந்தன. அது சிரங்கில் ஆரம்பித்தது என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. அன்றைக்குச் சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் நகரத்துக்கு எதிர்க்கரையில், டாலாவில் இருக்கிறோம். மூங்கில் தட்டி வீடு, ஒரே அறை. நானும் என் மனைவியும் இரண்டு பெண்களும் ஒரே கொசுவலைக்குள் படுப்போம். மூத்தவள் தினமும் படகில் ஆற்றைக் கடந்து மிங்கலா தாங்ஞுன்டில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். சின்னவள் ரொம்பக் காலம் கழித்துப் பிறந்தவள். ஆறு வயது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வாசலுக்கு வெளியே எந்தப் பாஷை வேண்டுமானாலும் பேசலாம், உள்ளே தமிழ்தான். உள்ளே பர்மியில் பேசியவர் அடுத்த குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும். டாலாவில் கோடையில் ஒரு குடம் தண்ணீர் என்றால் குளம் வரைக்கும் நடந்து, வரிசையில் நின்று, கலங்கலை மொண்டு, கைலியை நனைத்துக்கொண்டு திரும்புவது. அதனால் தண்டனைக்கு மதிப்பு இருந்தது. நான்தான் அந்த விதியைப் போட்டேன். தமிழ் போய்விடக் கூடாது என்ற ஆசை. சின்னவள் எந்நேரமும் பர்மியில்தான் கலகலவென்று பேசுவாள். அவளுக்காக அக்காள் குடம் தூக்குவாள். அக்காள் மட்டும் வாசல்படி தாண்டியதும் வாயை அடக்கிக்கொண்டு, தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேசுவாள். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வருகிறவளுக்குக் குளத்துக்குப் போகத் தெம்பு இருக்காது.

மாசி மாதம் சின்னவளின் விரல் இடுக்கில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தது. வேர்க்குரு என்று நினைத்தோம். பிறகு மணிக்கட்டு, இடுப்பு, தொடை இடுக்கு. படுத்தால் சொறிவாள். தூக்கத்திலும் "யாடே, யாடே" என்று முனகுவாள். பர்மியில் அது 'அரிக்கிறது' என்ற சொல். அதையே குறுக்கி "யடே" என்றால் 'சரி, பரவாயில்லை' என்று ஆகிவிடும். இழுத்தால் ஒன்று, வெட்டினால் வேறொன்று. நாங்களும்தான் சொறிந்தோம். வெயில் காலத்தில் யார் சொறியவில்லை?

முதல் வைத்தியம் என் மனைவியுடையது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். முகத்துக்குத் தனகா மரப்பட்டைச் சாந்து, உடம்புக்கு மஞ்சள். காய்ந்ததும் பிள்ளை பொம்மை மாதிரி விறைத்து நிற்பாள். புண் கொஞ்சம் ஆறியது, அரிப்பு போகவில்லை. "இது மேல இருக்கிற சீக்கு இல்லைங்க, உள்ளே பூச்சி இருக்கு" என்று அவளே சொன்னாள்.

படகுத்துறைப் பக்கம் ஒரு பாய் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவர் குடும்பம் நம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது. ஆளைப் பார்த்ததும் கேலி செய்யாமல் அவருக்கு மருந்து எடுக்க வராது. சின்னவளின் கையைத் திருப்பிப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

"பூச்சிதான் அண்ணே. தோலுக்குள்ள வளை தோண்டிக் குடும்பம் நடத்துது. வாடகைகூடக் குடுக்கிறதில்ல."

"என்ன மருந்து பாய்?"

"கந்தகக் களிம்பு. கழுத்துக்குக் கீழே பூராவும் பூசுங்க, விடாம சில ராத்திரி. இதைப் பூசினா பூச்சியும் ஓடும், பொண்டாட்டியும் ஓடுவா."

"அவ ஓடமாட்டா பாய்."

"அப்ப அவளுக்கும் பூசுங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அது கேலி என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

கந்தகம் நாறியது. அழுகின முட்டை நாற்றம். கொசுவலை, தலையணை, என் சட்டை எல்லாவற்றிலும் ஏறியது. சைக்காவில் ஏறிய ஒரு அம்மா, "வண்டியில் ஏதாவது செத்துக் கிடக்கிறதா?" என்று கேட்டாள். தெருப் பிள்ளைகள் சின்னவளைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். எரியவில்லை, பிள்ளை அழவில்லை. பூசிய வரைக்கும் நன்றாகத் தூங்கினாள். நிறுத்தியதும் திரும்பி வந்தது.

பாயிடம் மறுபடி போனேன். அப்போது பால் போல வெள்ளையாக ஒரு தண்ணீர் மருந்து கொடுத்தார். "பிள்ளைத் தோலு, தண்ணி கலந்து பூசுங்க. கொஞ்சம் எரியும், ஆனா கெட்டிக்கார மருந்து." கலந்துதான் பூசினோம். சொறிந்த புண்ணெல்லாம் திறந்து கிடந்த உடம்பு. கொஞ்சமா எரிந்தது? பிள்ளை அலறிக்கொண்டு துணியில்லாமல் சந்துக்கு ஓடினாள். என் மனைவி பின்னாலேயே ஓடி, குடிக்க வைத்திருந்த குடத்தை அப்படியே அவள் தலையில் கவிழ்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் திஞ்சான் புத்தாண்டுக்குத் தெருத்தெருவாகத் தண்ணீர் ஊற்றி விளையாடிய சமயம் அது. இங்கே அன்று மாலை எங்களுக்குச் சோறாக்கத் தண்ணீர் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் புட்டியைக் கையில் எடுத்தாலே சின்னவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "யடே அப்பா, யடே, யடே" என்பாள். குறுக்கித்தான் சொல்வாள். கை மட்டும் இடுப்பைச் சொறிந்துகொண்டிருக்கும்.

வைகாசி முடிந்து மழை பிடித்தது. பள்ளியில் சேர்க்கப் போனபோது ஆசிரியை அவள் கையைப் பார்த்துவிட்டு, ஆறிய பிறகு கூட்டி வாருங்கள் என்று அன்பாகத்தான் சொன்னாள். அந்த வாரம் பக்கத்து வட்டத்தில் ஒரு இலவச மருத்துவ முகாம் நடந்தது. நான் படகுத்துறையில் இருந்தேன். ஆற்றுக்குக் குறுக்கே புதுப் பாலம் திறந்த பிறகு படகில் வருகிற கூட்டம் குறைந்துவிட்டது. வருகிற நேரத்தில் நிற்காவிட்டால் சவாரி போய்விடும். மூத்தவள் கடைக்கு விடுப்புச் சொல்லித் தங்கையை அழைத்துப்போனாள்.

மாலையில் நான் வீடு திரும்பியபோது அவள் இரண்டு டியூப் களிம்பைப் பலகைக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. நல்ல மருந்தாம், எரியாதாம், நாறாதாம். முகாமில் நர்ஸ் சயாமா சொன்னதை எனக்குச் சொல்ல ஆரம்பித்தாள். நர்சோ டாக்டரோ வாத்தியாரம்மாவோ, இங்கே எல்லோரும் சயாமாதான். பர்மியில் ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மூலையில் காலிக்குடம் இருந்தது. அவள் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். விழுங்கிக்கொண்டு தமிழுக்கு மாறினாள்.

"இது பாப்பாவுக்கு. கழுத்துக்குக் கீழே எல்லா இடமும். ராத்திரி வச்சிட்டு காலைல குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு திருப்பியும்."

"சரி. மத்தது?"

"மத்தது..." கொஞ்சம் தேடினாள். "மத்தது வீட்டுக்கு."

"வீட்டுக்கா?"

"ஆமா. வீடு பூரா போடணும். ஒரே நாள்ல. வீட்டுக்குப் போடாட்டி பாப்பாவுக்குத் திருப்பி வந்திடும்னு சயாமா ரொம்பச் சொன்னாங்க. இடுக்கு விடக் கூடாதாம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மூட்டைப் பூச்சி மூங்கில் இடுக்கில்தானே இருக்கிறது? கட்டிலுக்கு மண்ணெண்ணெய் தடவாமல் ஆளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் மூட்டைப் பூச்சி போகுமா? மறுநாள் மூத்தவள் வேலைக்குப் போன பிறகு நானும் மனைவியும் சாமான்களை எல்லாம் சந்தில் போட்டோம். மழை விட்டு வெயில் அடித்த நாள். பாயையும் போர்வையையும் வேலியில் காயப் போட்டோம்.

"டியூப் மருந்தை வீட்டுக்குப் பூசுவாங்களாங்க?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள்.

"படிச்சவங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. இடுக்கு விடக் கூடாதுன்னாங்களாமே."

எதிர்வீட்டுப் பர்மியக் கிழவர் முற்றத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "என்னப்பா, மூத்தவளுக்கு மாப்பிள்ளை வருகிறானா? தூணுக்கெல்லாம் தனகா பூசுகிறாய்?" என்று கேட்டார். நான் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே பூசினேன். கட்டில் பலகை இடுக்கு, நான்கு கால்கள், தட்டி முடிச்சுகள், தலைமாட்டுத் தூண், வாசல் நிலை. டியூபைச் சுருட்டிச் சுருட்டிக் கடைசி வரைக்கும் பிதுக்கினேன். மூங்கில் வழவழவென்று மின்னியது. நல்ல வேலை செய்தோம் என்று மனம் நிறைந்திருந்தது. அன்று மாலையே சின்னவளுக்கு அவளுடைய டியூபைப் பூசினோம். அவள் முதலில் சுவரோடு ஒட்டினாள். பூசிய பிறகு எரியாததைக் கண்டு தன் வயிற்றைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

மூத்தவள் வந்ததும் காலி டியூபை எடுத்துப் பார்த்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"ஒரு சொட்டு மிச்சமில்ல."

"நல்லாத் தேச்சீங்களா?"

"இடுக்கு விடாம தேச்சேன்."

"கால்?"

"நாலு காலும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எங்களுக்குப் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தோம். அம்மா அப்பாவுக்கே மருந்து தீர்ந்துவிட்டது, தனக்கு இல்லை என்று கேட்க அவளுக்குச் சங்கடம். அடுத்த முகாம் வரட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சின்னவளுக்கு உடம்பு நன்றாக ஆறியது. ஒரு வாரம் கழித்துச் சொன்னபடியே மறுபடி பூசினோம். பள்ளிக்குப் போனாள். பச்சைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக என் சைக்காவின் பின் இருக்கையில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களுக்கெல்லாம் கையை விரித்துக் காட்டிக்கொண்டு போவாள். அந்தக் கொஞ்ச நாட்களைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

ஆனி கடைசியில் விரல் இடுக்கில் மறுபடி கொப்புளம். இந்த முறை வேகமாக வந்தது. மழையில் துணி காயவில்லை. எல்லாம் ஈரம், எல்லாவற்றிலும் பூஞ்சை. சொறிந்த இடம் சீழ் பிடித்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது. முகாம் போட்டவர்கள் போய்விட்டார்கள். பாயின் கடையில் அந்த டியூப் வரவில்லை. "சரக்கு வர்ற வழியே இல்ல அண்ணே, நானே என்னத்தை விக்கிறது?" என்றார். அன்று அவர் கேலி செய்யவில்லை. மறுபடி கந்தகத்துக்குப் போனோம். சீழ்ப்புண் மேல் அதைப் பூச முடியவில்லை.

ஆடியில் ஒரு காலை சின்னவள் கன்னம் உப்பி எழுந்தாள். என் மனைவிக்குச் சந்தோஷம். பள்ளிக்குப் போனதிலிருந்து பிள்ளைக்குச் சதை வைக்கிறது என்று, கண் படாமல் இருக்கக் கன்னத்தில் தனகாவைத் தடிமனாகப் பூசி அனுப்பினாள். அடுத்து வந்த நாட்களில் கண் பாதிதான் திறந்தது. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. பிறகு மூத்தவள்தான் பார்த்தாள். தங்கைக்கு மூத்திரம் பால் ஊற்றாத கடுந்தேநீர் மாதிரி போனது. வாசல்படியில் நின்று என்னைக் கூப்பிட்டவள் அன்று முதல்முறையாக உள்ளே வந்தும் பர்மியிலேயே சொன்னாள். நான் குடத்தைப் பற்றிப் பேசவில்லை.

படகில் கடந்தோம். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா பிள்ளையின் கையையும் இடுப்பையும் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். நான் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அவள் விடவில்லை. என் விரல் இடுக்கிலும் அதே கொப்புளம்.

"சிரங்குக்கு மருந்து போட்டீர்களா?"

நான் மூத்தவளைப் பார்த்தேன். மூத்தவள் பதில் சொன்னாள். "போட்டோம், சயாமா. களிம்பு."

"மிதாஸு முழுவதுக்கும் போட்டீர்களா?"

மிதாஸு என்றால் குடும்பம். பர்மியில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. தகப்பன், தாய், பிள்ளைகள். அதில் தூண் இல்லை, கட்டில் இல்லை.

"போட்டோம்" என்று மூத்தவள் சட்டென்று சொன்னாள். "எனக்குத்தான் மிச்சமில்லை. அப்பா அம்மா இருவரும் போட்டுக்கொண்டார்கள். முகாமில் சயாமா மிதாஸுவுக்கென்றே தனி டியூப் கொடுத்தாள். நான் அப்பாவிடம் அப்படியே சொன்னேன்."

அங்கேதான் எனக்குப் புரிந்தது. பிள்ளைக்குக் 'குடும்பம்' என்ற தமிழ்ச் சொல் தெரியாது. அதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. நான்கு பேர் ஒரே வலைக்குள் படுத்துக் கிடக்கிற இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன வேலை? தெரிந்த சொற்களில் அதற்கு அருகில் இருந்ததை எடுத்தாள். வீடு என்றாள்.

"நாங்கள் போட்டுக்கொள்ளவில்லை" என்று டாக்டரம்மாவிடம் பர்மியில் சொன்னேன். "வீட்டுக்குப் போட்டேன். கட்டில் காலுக்கு. தூணுக்கு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்திருப்பாள். மூத்தவளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பூச்சி எங்கள் மூவர் உடம்பிலும் இருந்தது என்றாள். ஆறிய பிள்ளையை ஒவ்வொரு ராத்திரியும் நாங்கள் நடுவில் படுக்க வைத்திருக்கிறோம். சொறிந்த புண்ணில் சீழ்க்கிருமி ஏறினால் அது சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைத் தாக்குமாம். இதில் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள் என்றும் சொன்னாள். நாங்கள் அந்தப் 'பெரும்பாலான'வைப் பிடித்துக்கொண்டு படகில் திரும்பினோம்.

எந்த மருந்து நல்லது என்று இப்போது சந்தில் சிலர் என்னைக் கேட்கிறார்கள். கந்தகம் நாறும், மெதுவாக வேலை செய்யும், பிள்ளையை அழவைக்காது. வெள்ளை மருந்து கெட்டிக்கார மருந்து, புண் திறந்த உடம்புக்கு ஆகாது. களிம்பு எல்லாவற்றிலும் மேல், கிடைத்தால். மூன்றுமே நல்ல மருந்துதான். மூன்றையும் நாங்கள் ஒரே ஒரு ஆளுக்குப் பூசினோம். அதனால் மூன்றும் தோற்றன. இதை அவர்களிடம் முழுசாகச் சொல்ல எனக்கு வருவதில்லை. "எல்லோரும் ஒரே நாளில் போடுங்கள்" என்று மட்டும் பர்மியில் சொல்லிவிட்டு மிதியை மிதித்துவிடுகிறேன். யாரும் போடுவதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் போதுமான மருந்து யாரிடம் இருக்கிறது? ராத்திரியில் வீட்டு வரிசை முழுக்கச் சொறிகிற சத்தம் கேட்கிறது.

எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் அரிப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்ததை நாலு பேரும் ஒரே மாலையில் பூசிக்கொண்டோம். மூத்தவள் தன் கையாலேயே என் முதுகுக்குப் பூசினாள். சின்னவளின் தோல் முட்டை ஓடு மாதிரி சுத்தமாக இருக்கிறது. அந்தத் தோலுக்கு உள்ளேதான் சரியாகவில்லை. மழை போய் பனி வந்துவிட்டது, வீக்கம் இறங்குகிறது, ஏறுகிறது. உப்பில்லாத சோற்றை அவள் கன்னத்திலேயே அடக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போன தடவை டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சிறுநீரகங்கள் திரும்பி வருகிற வழியில் இல்லை என்றாள். இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின் என்றாள். அது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நாள் நடக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று அவளைக் கேட்டேன். "யடே அப்பா" என்றாள். குறுக்கித்தான் சொன்னாள்.

வீட்டுக்குள் தமிழ் என்ற விதி இப்போது இல்லை. யாரும் அதை எடுக்கவில்லை, அதுவே போய்விட்டது. குடத்தை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். இதை எழுதும்போது மூத்தவள் பக்கத்தில் வந்து நின்று, என்ன எழுதுகிறீர்கள் என்று பர்மியில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. உன் மேல் தப்பில்லை என்று எழுதுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். நாக்கு எழவில்லை. அவள் சாய்ந்து கிடக்கிற எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டாள். அது 'வீடு'. சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுத் தங்கைக்குக் கஞ்சி ஆற்றப் போனாள்.

நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஆற்றைக் கடக்க வேண்டும்.

தை மாதம், பூசத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.